ஊரை விட்டுப் போகப்போறேன், தெப்பக்குளத்தை நீலமா வரையவா, மண் கலர்ல வரையவா?

அனுப்பானடிப் பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 17 வயசு, மதுரை அனுப்பானடி. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிஞ்சு வீட்டுல இருக்கேன். அண்ணனுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சு ஒரு வருசம் ஆச்சு. இப்ப அப்பாவுக்கும் அங்கயே ஒரு வேலை அமைஞ்சிருக்கு. மே மாசம் ரிசல்ட் வந்ததும் வீட்டைக் காலி பண்றோம். பிறந்ததுல இருந்து நான் வேற வீட்டுல இருந்ததே இல்ல.

போறதுக்கு முன்னாடி ஒரு பெரிய சார்ட் அட்டை வாங்கி எங்க ஏரியாவை நானே வரைஞ்சிட்டிருக்கேன். போன்ல பார்க்குற மேப் மாதிரி எல்லாக் கடையும் எல்லாத் தெருவும் வேண்டாம். எனக்கு வேணுங்கிற இடம் மட்டும் இருந்தா போதும். இன்னும் பென்சில்லதான் இருக்கு, பேனாவால எழுதல. நீங்க இந்தப் பக்கம் இருந்தவங்கன்னா, நான் பிறக்குறதுக்கு முன்னாடி இந்த இடங்கள்ல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க. அதையும் சேர்த்து எழுதிக்கணும்.

முதல்ல எங்க வீட்டு மாடிப்படி. கீழ இருந்து எண்ணினா ஏழாவது படி. நான் ஏழாம் வகுப்பு படிச்சப்ப கொரோனா. பள்ளிக்கூடம் இல்ல. எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து அப்பாவோட ஒரே போன். வீட்டுக்குள்ள டவர் கிடைக்காது. ஏழாவது படியில உட்கார்ந்தா ரெண்டு கோடு வரும், எட்டாவதுல ஒண்ணுதான். பதினோரு மணி ஆனா அந்தப் படிக்கு வெயில் வந்துரும், நோட்டைத் தலையில கவுத்திக்கிட்டு கணக்கு கிளாஸ் கேட்பேன். அந்த வருசத்துப் பகுபதமும் ஒளிச்சேர்க்கையும் எனக்கு அந்தப் படியோட சூட்டோடதான் ஞாபகம் இருக்கு. 2023 ஜூலையில நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க. நாலஞ்சு தடவை போயிருக்கேன், அவ்வளவு புத்தகத்தை ஒரே இடத்துல பார்த்ததே இல்ல, ரொம்பப் பிடிக்கும். ஆனா நீ படிச்ச இடம் எதுன்னு யாராவது கேட்டா ஏழாவது படியைத்தான் காட்டுவேன்.

அடுத்தது பருத்திப்பால் வண்டி நிக்கிற மூலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வரும். மார்கழியில சுக்கு தூக்கலா, கருப்பட்டி வாசனையோட, கிளாஸைப் பிடிக்கவே முடியாத சூட்டுல ஊத்தித் தருவாங்க. தாவணி முனையால பிடிச்சுக் குடிக்கணும். அதைப் பத்தி இதுக்கு மேல எழுதத் தெரியல, குடிச்சவங்களுக்குத் தெரியும்.

இனி எங்க ஏரியாவுல இருக்குற வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். இங்கதான் என் பென்சில் நிக்குது.

எனக்கு விவரம் தெரிஞ்சப்ப இருந்து அது தண்ணி இல்லாம வறண்டு கிடந்த கிரவுண்டு. சின்ன வயசுல யாராவது குளம்னு சொன்னா எனக்கு மண்ணுதான் கண்ணு முன்னாடி வரும். அண்ணன் நாலு மணிக்கு பேட்டைத் தூக்கிட்டுப் போவான். ஆறரைக்கு அம்மா என்னை அனுப்புவாங்க, போய்க் கூட்டிட்டு வான்னு. நான் கீழ்க்கரைச் சுவர்கிட்ட நின்னு கத்துவேன். உள்ள அத்தனை ஆட்டம் நடக்கும், அத்தனை பேரு கத்துவாங்க, என் சத்தம் எங்க கேட்கும்? படியில கழட்டிப் போட்ட செருப்புக் கூட்டத்துல அண்ணன் செருப்பைக் கண்டுபிடிச்சு அது பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். ஆட்டம் முடிஞ்சா செருப்பைத் தேடி வரத்தானே செய்யணும். ஒரு நாள் அஞ்சாறு படி இறங்கிட்டேன். அண்ணன் தூரத்துல இருந்து ஓடி வந்து, "மேல போடி, பந்து பட்டுரும்"னான். அவன் பயந்துதான் சொன்னான். ஆனா அதுக்கப்புறம் நான் இறங்கவே இல்ல. நடு மண்டபம் வரைக்கும் தரையில நடந்து போறவங்களைப் பார்த்துட்டே இருப்பேன்.

2019 கடைசியில பனையூர்க் கால்வாய் வழியா வைகைத் தண்ணி வந்துச்சு. நான் ஆறாம் வகுப்பு. முதல் நாள் ஒரு மூலையில பாய் விரிச்ச அளவுதான். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப ஒரு படி குறைஞ்சிருக்கும். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் சுவர்ல சாய்ஞ்சு நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. ஸ்டம்புக்கு வச்ச செங்கல்லை எடுக்கணும்னு யாருக்கும் தோணல. அது இன்னும் அடியில கிடக்கும்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. தண்ணி வந்த பிறகுதான் அந்த இடம் எனக்குக் கிடைச்சது. அதுக்கு முன்னாடி அம்மா, "பசங்க விளையாடுற இடத்துல உனக்கு என்னடி வேலை, கூப்பிட்டுட்டு உடனே வா"ன்னு சொல்லுவாங்க. இப்ப அம்மாவே, "காத்து வாங்கிட்டு வருவோம் வா"ன்னு கிளம்புறாங்க. சுவர்ல ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழட்டிட்டு, காலை ஆட்டிக்கிட்டு, எங்க அம்மா! நான் வீட்டுல அவங்களை அப்படிப் பார்த்ததே இல்ல. சுவர் முழுக்கப் பொம்பளைங்க, பாட்டிங்க, கைக்குழந்தைங்க. பகல் வெயிலைக் குடிச்ச கல்லு ராத்திரி எட்டு மணி வரைக்கும் கதகதன்னு இருக்கும். அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடப்போறாங்கன்னு அம்மாவுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி என்கிட்டதான் சொன்னாரு. அதுவும் அந்தச் சுவர்லதான். தண்ணியைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு, என் மூஞ்சியைப் பார்க்கல.

அண்ணனுக்குத் தெப்பக்குளம்னா போன இடம். எனக்கு வந்த இடம். சார்ட்ல ஒரு சதுரம்தான் இருக்கு. நீலம் அடிக்கவா, மண் கலர் அடிக்கவா?

---

கீழவாசல்காரர் எழுதியது:

பாப்பா, உன் எழுத்தைப் படித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தெப்பக்குளம் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு 52 வயது.

உனக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டாய். முதலில் அங்கே மண் இருந்தது. திருமலை நாயக்கர் மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் அது என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அப்படித் தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்பார்கள். மீனாட்சி கோவிலில் சுவாமி சன்னிதிக்குப் போகிற வழியில் பெரிதாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். விநாயகர் சதுர்த்திக்கு மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை பிடித்து அவருக்குப் படைப்பார்கள். பள்ளத்தை அப்படியே விடாமல் நான்கு பக்கமும் படி கட்டி, நடுவில் மண்டபம் வைத்து 1645இல் குளமாக்கினார் நாயக்கர். சுமார் பதினாறு ஏக்கர். ஆக, உன் மண் கலர் குளத்துக்கும் மூத்தது.

இனி எங்கள் கதை. தை மாதம் தெப்பத் திருவிழாவுக்குப் பெரும்பாலும் எப்படியாவது தண்ணீர் விடுவார்கள். பங்குனி வெயிலில் அது வற்றும். சேறு பாளம் பாளமாக வெடிக்கும்வரை தினமும் போய்க் காலால் அமுக்கிப் பார்ப்போம். கால் புதையவில்லை என்றால் அன்றைக்கே ஆட்டம். ஒரே நேரத்தில் பதினைந்து இருபது மேட்ச் நடக்கும். எந்தப் பந்து யாருடையது என்று தெரியாமல் அடுத்தவன் கேட்சை நாம் பிடித்த கதையெல்லாம் உண்டு. மண்டபத்துச் சுவரில் நேராகப் பட்டால் ஆறு. நான் சைக்கிள் பழகியதும் அதே தரையில்தான், விழுந்தாலும் லாரி வராது பார்.

ஒன்றை மட்டும் இத்தனை வருடம் மனதில் வைத்திருக்கிறேன். தண்ணீரே இல்லாத சில வருடங்களில் தெப்பம் நிலைத் தெப்பமாகிவிடும். அம்மனும் சுவாமியும் அலங்காரத்தோடு வந்து ஏறுவார்கள், தெப்பம் இருந்த இடத்திலேயே நிற்கும். தண்ணீர் இருந்தால் கரையில் நிற்கிறவர்கள் வடம் பிடித்து இழுக்க, காலையில் இரண்டு சுற்று, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்று வரும். தரையில் நிற்கிற தெப்பத்தைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மா, "தாயி தரையில உக்காந்திருக்காடா" என்று சொல்லி அழுதார். மறுநாள் சாயங்காலம் அதே தரையில் நான் பேட்டோடு நின்றேன். தண்ணீர் வரக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டும் இருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வேறு என்ன தெரியும்?

2020 தையில் குளம் நிரம்பிக் கிடக்க, தெப்பம் சுற்றி வந்ததைப் பார்க்க அம்மா இல்லை. வடத்தில் கை வைத்தபோது அவர் ஞாபகம்தான். உன் அண்ணனிடம் சொல், அவன் மட்டும் இழக்கவில்லை, அவனுக்கு முன்னால் நாங்களும் ஒவ்வொரு தையிலும் இழந்து ஒவ்வொரு பங்குனியிலும் திரும்பப் பெற்றவர்கள். அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, அதுதான் வித்தியாசம். அந்த வருத்தம் நியாயமானது.

---

ஐராவதநல்லூர் பையன் எழுதியது:

நானும் உன் செட்டுதான், இந்த வருசம் பன்னிரண்டு முடிச்சேன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத.

தண்ணி வந்தது நல்லதுதான். எங்க வீட்டு போர்வெல்ல 2019 கோடையில வெறும் காத்துதான் வந்துச்சு, அம்மா லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில வச்சுட்டு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் முழிச்சிருப்பாங்க. குளம் நிறைஞ்சதுக்கு அப்புறம் அந்தக் கஷ்டம் இல்ல. அதுக்காக மண்ணு வேணும்னு நான் கேட்க மாட்டேன்.

ஆனா எங்களுக்கு வேற இடம் யாரும் காட்டல. இப்ப விளையாடணும்னா பச்சைப் பாய் விரிச்ச டர்ஃப்புக்குப் போகணும். மணிக்கணக்குல காசு. பன்னிரண்டு பேரு பிரிச்சுப் போட்டாலும் எங்க கூட்டத்துல மூணு பேருக்கு முடியாது, அவங்க ஏதாவது வேலை இருக்குன்னு சொல்லி வராம இருந்துருவாங்க. வேலை இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். தெப்பக்குளத்துல யாரும் யார்கிட்டயும் காசு கேட்டதில்ல. பேட் இல்லாதவனும் வரலாம், தென்னமட்டை போதும்.

அதனால நீலம் அடி. ஆனா பக்கத்துல வெத்து சதுரம் ஒண்ணு போட்டு வை. அது எங்க கிரவுண்டு, இன்னும் வரல.

---

முனிச்சாலை அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் இப்போ சென்னையில் இருக்கேன். முனிச்சாலையில் பிறந்து வளர்ந்தவ. கல்யாணம் ஆகி வந்து இருபது வருசம் ஆகப்போகுது. உன் அம்மா சுவர்ல காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்ததைப் படிச்சதும் எனக்கு எங்க அம்மாவோட திண்ணை ஞாபகம் வந்துருச்சு.

எங்க தெருவுல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல எல்லாத் திண்ணையிலயும் பொம்பளைங்க சுங்கடி முடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. வெள்ளைத் துணியில புள்ளி குறிச்சிருக்கும். ஒவ்வொரு புள்ளியா நகத்தால கிள்ளி, நூலைச் சுத்தி இறுக்கணும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. சாயத்துல முக்கிக் காயப்போட்ட பிறகு, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா முடிச்செல்லாம் படபடபடன்னு அவிழும். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்க எங்க இருந்தாலும் ஓடி வருவோம், உள்ள வெள்ளைப் பூ மாதிரி புள்ளி பூத்திருக்கும். சுங்கடிக்கு 2005ல புவிசார் குறியீடு கிடைச்சது. அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. வலது கட்டை விரல் நகம் தேஞ்சு பாதிதான் இருக்கும், அது தெரியும். திண்ணையை இடிச்சு இப்போ பைக் நிறுத்துறாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, தண்ணி வந்த பிறகுதான் பொம்பளைங்களுக்கு ஒரு இடம் வந்துச்சுன்னு உன் சார்ட்ல எழுதிடாத. எங்களுக்கும் இடம் இருந்துச்சு. ஆனா வேலை கையில இருந்தாத்தான் உட்காரலாம். முடிச்சு போடணும், பூ கட்டணும், அரிசி புடைக்கணும். சும்மா உட்கார்ந்தா, "வீட்டுல வேலை இல்லையா"ன்னு கேட்பாங்க. உங்க அம்மா இப்போ கையில எதுவும் இல்லாம உட்கார்ந்திருக்காங்க பாரு, அதை எழுது. எங்க அம்மா அப்படி ஒரு நாள் கூட உட்கார்ந்ததில்ல.

அப்புறம் சிந்தாமணியை விட்டுட்டியே! தெப்பத்துக்கு முந்தின நாள் மீனாட்சி கதிரறுக்க அங்கதான் போவா. சின்ன வயசுல அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போவார், ரெண்டு பக்கமும் வயல். கதிர் அறுத்த கையோட மறுநாள் தெப்பம் ஏறுவா. வயக்காட்டு வேலையை முடிச்சுட்டுத் தண்ணிக்கு வர்றவதான் அவளும். சிந்தாமணியில ஒரு கதிராவது வரைஞ்சு வை.

---

அனுப்பானடிப் பொண்ணு மறுபடியும் எழுதியது:

எல்லாருடைய பதிலையும் அம்மாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். முனிச்சாலை அக்கா எழுதினதை மட்டும் ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னாங்க.

அக்கா, உங்க பதிலைப் படிச்ச பிறகுதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. இந்த சார்ட்ல அம்மாவோட இடம்னு நான் எதையுமே கேட்கல. கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வந்து, "குழாயடி"ன்னாங்க. எங்க தெரு முக்குல ஒரு பொதுக் குழாய் இருந்துச்சாம். கல்யாணம் ஆகி வந்த புதுசுல அம்மாவுக்கு இங்க யாரையும் தெரியாது. விடிகாலை நாலு மணிக்குக் குடத்தோட வரிசையில நின்னப்பதான் எல்லாரும் பழக்கமானாங்களாம். நான் வயித்துல இருந்தப்ப அம்மாவோட குடத்தை அடுத்த வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டு வந்து வச்சிருக்காங்க. அந்த முக்குல தினமும் நடக்குறேன். தரையோட தரையா ஒரு துருப்பிடிச்ச இரும்பு வளையம் இருக்கும், அது என்னன்னு நான் கேட்டதே இல்ல. நேத்துப் போய்ப் பார்த்தேன், அதுதான்.

ஐராவதநல்லூர் நண்பா, கோபம் ஒண்ணும் இல்ல. "வேலை இருக்குன்னு சொல்லி வராம இருந்துருவாங்க"ன்னு எழுதினியே, அந்த மூணு பேரு மாதிரி எங்க அண்ணனும் ஒரு வருசம் இருந்தான். அப்பாவுக்கு வேலை போன வருசம். விளையாட்டு பிடிக்காமப் போச்சுன்னு சொன்னான், நானும் நம்பிட்டேன். வெத்து சதுரம் கண்டிப்பாப் போடுறேன்.

கீழவாசல் அண்ணே, உங்க அம்மாவைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் எங்க அம்மா ஒண்ணும் சொல்லல, எழுந்து போய் விளக்கை ஏத்திட்டு வந்தாங்க.

கலருக்கு ஒரு வழி கிடைச்சிருச்சு. மெழுகு கிரேயான்ல கோடு போட்டு அது மேல வாட்டர் கலர் அடிச்சா, மெழுகு இருக்குற இடத்துல தண்ணி ஒட்டாது, கோடு அப்படியே தெரியும். பழைய நோட்டுல அடிச்சுப் பார்த்துட்டேன், நல்லா வருது. அடியில காவிக் கலர் கிரேயான்ல பிட்ச்சு, செங்கல், படியில செருப்பு எல்லாம் வரைஞ்சுட்டு மேல நீலத்தைத் தண்ணியா அடிக்கப்போறேன். சிந்தாமணியில மஞ்சள் கிரேயான்ல ஒரு கதிர்.

அண்ணன் சனிக்கிழமை ராத்திரி ஓசூர்ல இருந்து வர்றான். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல கீழ்க்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன். செங்கல் எந்தப் படிக்கு நேரா, எத்தனை அடி தள்ளி இருந்துச்சுன்னு அவன்தான் கையை நீட்டிக் காட்டணும். அதுவரைக்கும் அந்தச் சதுரத்தை மட்டும் பென்சில்லயே விட்டு வச்சிருக்கேன்.